ஒரு போர்வைக்குள் ஒரு ஆள்

போர்வைக்காரிக்குப் பேச்சு நின்றுபோய்விட்டது என்று கேள்விப்பட்டபோது தெருவில் பாதிப் பேர் நம்பவில்லை. அந்த வாய் ஓய்ந்து பார்த்தவர்கள் கிடையாது. தூக்கத்தில்கூட யாரையாவது வைதுகொண்டுதான் இருப்பாள் என்று அவள் புருஷன் சொல்வார். அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் பல் துலக்கப் போனவள் குழாயடியிலேயே சாய்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது வலது கையும் வலது காலும் விளங்கவில்லை. பேச்சில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு சொல். டீ வேண்டுமென்றாலும் 'அம்மா'தான், ஒன்றுக்குப் போக வேண்டுமென்றாலும் 'அம்மா'தான், மூக்கில் உட்கார்ந்த ஈயை விரட்டவும் அதேதான்.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து எங்கம்மாவ ஒரு தடவ அம்மான்னு கூப்பிட்டிருப்பாளா? இப்ப என்னையே அம்மாங்கிறா. இதை எங்க போய்ச் சொல்ல?" என்றார் கண்டக்டர்.

சிரிக்க வைக்கத்தான் சொன்னார். கேட்டுக்கொண்டு நின்ற காஜாக்காரிக்கு அழுகைதான் வந்தது.

காஜாக்காரி அவளுடைய சிநேகிதி. தெருமுனைத் தையல் கடையில் காஜா எடுப்பதும் பித்தான் கட்டுவதும் அவள் பிழைப்பு. வயசுப்பெண்களாக இருந்தபோது இரண்டு பேரும் ஒரே தையல் கம்பெனியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். ஒருத்தி டிபன் டப்பாவை இன்னொருத்தி காலி செய்வாள். ஒருத்தி ஊசியை ஒடித்தால் சூப்பர்வைசரிடம் இரண்டு பேருமாகத் திட்டு வாங்குவார்கள். கம்பெனியை மூடிய பிறகு காஜாக்காரி தையல் கடைக்குப் போனாள். மற்றவள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து ஒட்டுப்போர்வை தைக்கத் தொடங்கினாள்.

சாதாரண ஒட்டுப்போர்வை யார் வேண்டுமானாலும் தைக்கலாம். வெட்டி மிஞ்சிய துண்டுகளைச் சேர்த்து மேல்துணி, நடுவில் பஞ்சு, கீழே பழைய புடவை, மூன்றையும் சேர்த்து ஓட்டுத்தையல். இவள் தைத்தது அது இல்லை. செத்துப்போனவர்களின் துணியை வாங்கி, வீட்டில் மிச்சம் இருக்கிறவர்களுக்குப் போர்வையாகத் தைத்துக் கொடுத்தாள். முதலில் எல்லோரும் மூக்கைச் சுளித்தார்கள். பிணத்தோடு போக வேண்டிய துணியை யாராவது போர்த்திக்கொண்டு படுப்பார்களா என்று வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். அப்படிப் பேசியவர்களே பின்னால் ஒவ்வொருவராக மூட்டையும் கையுமாக வந்து வாசலில் நின்றார்கள். குளிர்காலம் யாரைத்தான் விட்டு வைக்கிறது.

அவளுக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. துவைத்த துணியாக இருந்தால் வாங்க மாட்டாள். "சோப்பு வாடைய வச்சு நான் என்ன பண்ண? கடையில சோப்பு வாங்கித் தலைமாட்டுல வச்சுக்க" என்று திருப்பி அனுப்பிவிடுவாள். இன்னொன்று, ஒரு போர்வைக்குள் ஒரு ஆள்தான். ஒருவர் துணியில் இன்னொருவர் துணி ஒரு நூல்கூடக் கலக்கக் கூடாது.

"ரெண்டு பேரப் போட்டா உள்ளயே அடிச்சுக்குவாங்கடி. போத்திட்டுப் படுக்கிறவளுக்கு எப்படித் தூக்கம் வரும்?" என்று காஜாக்காரியின் தொடையில் தட்டிச் சிரிப்பாள்.

அவள் விழுந்தபோது சன்னலடிப் பெட்டியின் மேல் முடியாத போர்வைகள் கிடந்தன. கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லிக் கண்டக்டருக்கு அலுத்துவிட்டது.

"எல்லாத்தையும் அவங்கவங்ககிட்டயே திருப்பிக் குடுத்துடலாம்னு இருக்கேன்மா. மூட்டையப் பாக்கப் பாக்க எனக்கே என்னமோ போல இருக்கு. வீட்டுல நாங்க ரெண்டு பேர்தான். ஆனா ஏதோ கூட்டத்துக்குள்ள உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு."

"திருப்பிக் குடுக்காதீங்கண்ணே. பாதித் துணிய வெட்டியாச்சு. வெட்டின சட்டையக் கையில குடுத்தா அவங்க மனசு என்ன பாடு படும்? நான் முடிச்சுத் தர்றேன்" என்றாள் காஜாக்காரி.

கட்டிலில் கிடந்தவள் இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா" என்றாள். சரி என்கிறாள் என்று காஜாக்காரி எடுத்துக்கொண்டாள். நமக்கு வேண்டிய அர்த்தத்தை எடுத்துக்கொள்வதற்கு வசதியான சொல்தான் அது.

மூட்டைகளை அவள் வீட்டுக்குக் கொண்டுபோன வாரம் மழை விடாமல் அடித்தது. சுவர் ஓரமாக வைத்திருந்தாள். சுவர் கசிந்து மூட்டைகள் அடியில் ஊறிவிட்டன. பதறிப்போய் எல்லாவற்றையும் அவிழ்த்து வீட்டுக்குள் கொடி கட்டி உலர்த்தினாள். மேலே சட்டைக் கைகளும் காலர்களும் பாவாடைத் துண்டுகளும் தொங்க, அதற்குக் கீழே உட்கார்ந்துதான் சோறு தின்றாள். ஒரு நாள் குனிந்து அடுப்பு மூட்டும்போது பின்னங்கழுத்தில் ஒரு சட்டைக் கை உரச, "கொஞ்சம் இருங்க, இதோ வந்துட்டேன்" என்று தன்னையறியாமல் சொன்னாள். சொன்ன பிறகுதான் வீட்டில் யாரும் இல்லை என்பது உறைத்தது. 

காய்ந்ததும் பிரித்து அடுக்கினாள். இங்கேதான் தப்பு நடந்தது. காலமெல்லாம் தையல் கடையில் இருந்த கை அது. கட்டம் போட்டதைக் கட்டம் போட்டதோடும், கோடு போட்டதைக் கோடு போட்டதோடும், கனத்த துணியைக் கனத்ததோடும் சேர்த்தது. போர்வைக்காரி ஒவ்வொரு மூட்டையையும் அந்த ஆளின் துணியிலேயே நாடா கிழித்துக் கட்டியிருந்தாள். அதுதான் அவளுக்கு அடையாளம். காஜாக்காரி அந்த நாடாக்களை அழுக்கு நாடா என்று சுருட்டித் தூரப் போட்டுவிட்டு, சுத்தமான வெள்ளை நாடாவால் கட்டினாள். தன் ஒழுங்கைப் பார்த்துத் தானே மெச்சியும் கொண்டாள்.

முதலில் முடிந்தது லாரிக்காரம்மாவின் போர்வை. ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறவள், இந்தத் தெருவில் யாரும் அவளுக்குப் பழக்கமில்லை. அவள் புருஷன் லாரி ஓட்டியவர். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வண்டியிலேயே போனவர். பிள்ளை குட்டி கிடையாது. நீலக் கட்டம் போட்ட சட்டைத் துண்டுகளை நடுவில் வைத்து, காக்கித் துணியைச் சுற்றிலும் ஒட்டுப்போட்டு, காஜாக்காரி பார்த்துப் பார்த்துத் தைத்தாள். கடை முடிந்து வந்து சன்னலோரம் வெளிச்சம் இருக்கிற வரைக்கும் தைப்பாள். கண் எரியும், விரல் நுனி மரத்துப்போகும். முடித்ததும் அதை மடித்து எடுத்துக்கொண்டு நேரே சிநேகிதியிடம்தான் போனாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பைப் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது.

"பாருடி. உன் தையல் மாதிரியே இருக்கா? எங்க நீ விட்ட, எங்க நான் எடுத்தேன்னு கண்டுபிடி பாப்போம்."

போர்வைக்காரி இடது கையால் மெதுவாகத் தடவினாள். காக்கியில் போன கை நடுவுக்கு வந்ததும் நின்றது. போர்வையை மூக்கருகில் இழுத்தாள். பிறகு நகத்தால் தையலைப் பிறாண்டத் தொடங்கினாள்.

"ஏய், என்ன பண்ற? விடு, பிஞ்சிடும்."

"அம்மா" என்றாள். "அம்மா! அம்மா!" கழுத்து நரம்பு புடைத்தது. போர்வையைக் கட்டிலிலிருந்து கீழே தள்ளினாள்.

காஜாக்காரி அதை எடுத்துத் தூசி தட்டினாள். முகம் சுண்டிவிட்டது. "என் தையல் உனக்கு ஆகல. அதானே? நீ தைச்சா போர்வை, நான் தைச்சா சாக்கு. கம்பெனியிலயும் நீ இப்படித்தான். கை போனாலும் உன் கொழுப்பு மட்டும் போகல."

சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்பது படி இறங்கும்போதே அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் திரும்பிப் போகவில்லை. ரோஷம். போர்வையைக் கொண்டுபோய் லாரிக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனவள், அதற்கப்புறம் பல நாள் சிநேகிதி வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கண்டக்டர் கடை வழியாகப் போகும்போது குனிந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருப்பாள்.

ஒரு மத்தியானம் லாரிக்காரம்மா கடைக்கு வந்தாள். டீயும் பன்னும் வந்திருந்த நேரம். காஜாக்காரி பன்னைப் பிய்த்து அவளுக்குப் பாதி நீட்டினாள். அவள் வாங்கவில்லை.

"உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்காத. அந்தப் போர்வையில யார் இருக்கா?"

"யார் இருப்பா? உங்க வீட்டுக்காரர்தான்."

"அவர் இருக்கார். அவர எனக்குத் தெரியாதா? டீசல் வாடை, பீடி வாடை. இன்னொருத்தன் இருக்கான்."

மிஷினில் இருந்த மாஸ்டர் பெடலை நிறுத்தினார். "ஒரு போர்வைக்குள்ள ரெண்டு ஆம்பளையா? விவகாரமால்ல இருக்கு!"

"சும்மா இருங்க மாஸ்டர்" என்றாள் காஜாக்காரி.

லாரிக்காரம்மா சிரிக்கவில்லை. "சின்ன வயசுப் பையன். மீசைகூட இன்னும் சரியா மொளைக்கல. கண்ண மூடினா வந்துடறான். கால்மாட்டுல நிக்கிறான். பேசமாட்டேங்கிறான். சர்க்கரை கருகின வாடை வருது. எங்க வீட்டுல சர்க்கரையே கிடையாது, எனக்குத்தான் வியாதி இருக்கே."

"பயந்துட்டீங்களா?"

"முதல்ல பயந்தேன். இப்ப..." அவள் முந்தானையை விரலில் சுற்றினாள். "இப்ப அவன் வர்ற வரைக்கும் எனக்குத் தூக்கம் பிடிக்கமாட்டேங்குது. உக்காருப்பான்னு சொல்றேன். உக்காரமாட்டேங்கிறான். நின்னா கால் வலிக்காதா?"

காஜாக்காரிக்குக் கையில் இருந்த பன் கனத்தது. அந்தத் தெருவில் சர்க்கரையைக் கருக்கிப் பாகு எடுக்கிற இடம் பேக்கரி ஒன்றுதான். கேக்குக்கு நிறம் வர அதைத்தான் ஊற்றுவார்கள். அந்த பேக்கரிக்காரம்மாவின் மகன் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் காய்ச்சலில் போனான். அவன் துணியும் அந்த மூட்டைகளில் ஒன்று. அவனுக்கும் ஒரு நீலக் கட்டச் சட்டை இருந்தது. 

மாஸ்டரிடம் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனாள். வீட்டிலிருந்து மிச்சத் துண்டுகளையும் பாதி தைத்திருந்த பேக்கரிக்காரம்மாவின் போர்வையையும் அள்ளிக்கொண்டு சிநேகிதியின் கட்டிலில் கொட்டினாள். கண்டக்டர் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தவர் கரண்டியோடு விலகினார்.

"மன்னிச்சுக்கடி. என்னைத் திட்டணும்னா மனசுக்குள்ள நல்லா திட்டிக்க. இப்ப இதப் பிரிச்சுக் குடு."

போர்வைக்காரி அவளை ஒரு பார்வை பார்த்தாள். வாய் இருந்தால் அன்றைக்குத் தெருவே கூடியிருக்கும். பிறகு இடது கையைத் துண்டுகளுக்குள் விட்டாள். ஒவ்வொன்றையும் விரலால் நெருடினாள், மூக்கில் வைத்தாள், ஒரு பக்கமாகத் தள்ளினாள். இது இந்தக் குவியல், இது அந்தக் குவியல். பாதிப் போர்வையில் ஒரு நீலக் கட்டத்தின் மேல் கையை வைத்து, "அம்மா" என்று நிதானமாகச் சொன்னாள். அது லாரிக்காரர். அவர் பையனின் போர்வைக்கு வந்துவிட்டார், பையன் அவர் போர்வைக்குப் போய்விட்டான்.

"அன்னிக்கே இதத்தான் சொன்னியா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கடைக்கண்ணில் தண்ணீர் வழிந்தது. கண்டக்டர் அதைத் துண்டால் துடைத்துவிட்டு, கஞ்சிக் கிண்ணத்தோடு உள்ளே போய்விட்டார்.

லாரிக்காரம்மா வீட்டுக்குப் போர்வையைக் கேட்கப் போனபோது அவள் கதவை முழுதாகத் திறக்கவில்லை.

"தப்பு என்னோடதும்மா. ரெண்டே நாள்ல பிரிச்சு, உங்க வீட்டுக்காரர் துணிய வச்சுத் தைச்சுத் தந்துடறேன்."

"நான் தப்புன்னு சொன்னேனா? யாருன்னு தெரிஞ்சுக்கலாம்னு கேட்டேன். அவ்வளவுதான்."

"அது இன்னொருத்தி பிள்ளைம்மா."

"தெரியுது. எம்பிள்ளை இல்லைன்னு எனக்குத் தெரியாதா?" அவள் குரல் உடைந்தது. "கல்யாணமாகி எத்தனை வருஷம் இந்த வீட்டுல ஒரு பிள்ளை கால் வைக்காதான்னு பாத்தேன். இப்பத்தான் ஒருத்தன் வந்து நிக்கிறான். வந்து நிக்கிறவன எப்படிப் போன்னு சொல்றது? நீயே சொல்லு. உனக்கு வாய் வருமா?"

கதவு சாத்திக்கொண்டது.  காஜாக்காரி பேக்கரிக்கு நடந்தாள். எதைச் சொல்லி ஆரம்பிப்பது என்று வழி நெடுக யோசித்தது ஒன்றும் அங்கே உதவவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் இருந்த பேக்கரிக்காரம்மா இவளைப் பார்த்ததுமே, "முடிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டாள்.

இவள் முழுதையும் சொன்னாள். மழையை, நாடாவை, லாரிக்காரம்மாவின் கால்மாட்டில் நிற்கிற பையனை, எல்லாவற்றையும். பேக்கரிக்காரம்மா ரொட்டி வெட்டுகிற கத்தியைக் கீழே வைத்தாள்.

"எம்பிள்ளைய நீ என்னன்னு நினைச்ச? துணிக்கடையில கழிச்சுப் போட்ட துண்டுன்னா?"

"இல்லம்மா..."

"ஒரு கனவுல வரல எனக்கு. அவன் போனதுலேருந்து ஒரே ஒரு கனவுல வரல. படுக்கும்போது வாய்விட்டுக் கூப்பிட்டுப் படுக்கிறேன். அந்தப் போர்வை வந்தாலாவது வருவான்னு நாளை எண்ணிக்கிட்டு இருக்கேன். நீ அவனக் கொண்டுபோய் முகந்தெரியாத வீட்டுல விட்டுட்டு வந்திருக்க." ரொட்டி வாங்க வந்தவர் ஒருவர் ஒன்றும் புரியாமல் பின்வாங்கினார். "எங்க அந்தப் பொம்பளை? இப்பவே எனக்கு எம்பிள்ளை வேணும்."

"நாளைக்குப் போர்வைக்காரி வீட்டுக்கு வாங்க. உங்க கண் முன்னாடியே பிரிச்சுக் குடுத்துடறேன்" என்றாள் காஜாக்காரி. லாரிக்காரம்மா வீட்டுக் கதவிடுக்கில் சேதியைச் சொல்லிவிட்டு வந்தாள். அவள் வருவாள் என்று இவளுக்கே நம்பிக்கை இல்லை.

வந்தாள். போர்வையைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தாள். பேக்கரிக்காரம்மா ஏற்கெனவே வந்து நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. வெளியே தூறிக்கொண்டிருந்தது. கண்டக்டர் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார், யாரும் தொடவில்லை.

காஜாக்காரி போர்வையைக் கட்டிலில் விரித்தாள். தையல் பிரிக்கிற பிளேடை எடுத்தாள்.  பஞ்சு வைத்துத் தைத்த போர்வையைத் தனி ஆளாகப் பிரிப்பது லேசில்லை. துணி விறைப்பாக நிற்காவிட்டால் நூலோடு துணியும் அறுந்துவிடும். அவள் முழங்காலால் அமுக்கிப் பார்த்தாள், முடியவில்லை. அப்போது போர்வைக்காரியின் இடது கை நீண்டு வந்து துணியின் விளிம்பைப் பற்றி இழுத்துப் பிடித்தது.

தைக்கிற கைதான் அவளுக்குப் போயிருந்தது. துணி பிடிக்கிற கை அப்படியே இருந்தது. எந்த இடத்தில் தளர்த்த வேண்டும், எந்த இடத்தில் இழுக்க வேண்டும் என்று சொல்லாமலே அதற்குத் தெரிந்தது. கம்பெனிப் பெஞ்சில் இருந்ததுபோல் இரண்டு பேரும் தலையோடு தலை முட்டக் குனிந்தார்கள். காஜாக்காரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. துணியில் சொட்டிவிடாமல் தோளில் துடைத்துக்கொண்டாள்.

முதல் துண்டு கழன்று வந்தது. பேக்கரிக்காரம்மா அதை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டாள். அவள் விறைப்பெல்லாம் அங்கேயே விட்டுப்போனது. லாரிக்காரம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

அறையில் நூல் அறுபடும் சத்தம் மட்டும் கேட்டது. அடுத்த துண்டு பாதி பிரிந்தபோது பேக்கரிக்காரம்மா தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"மெலிஞ்சிருக்கானா?"

தன்னைத்தான் கேட்கிறாள் என்று லாரிக்காரம்மாவுக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும் திரும்பினாள்.

"இல்லம்மா. நல்லாத்தான் இருக்கான்."

"கடைசியில ஒண்ணும் சாப்பிடல. தண்ணிகூட இறங்கல. அதான் கேட்டேன்."

"நல்லா இருக்கான். நெடுநெடுன்னு இருக்கான். எங்க வீட்டு நிலைப்படி தட்டும்னு குனிஞ்சுதான் உள்ள வர்றான்."

காஜாக்காரியின் பிளேடு நின்றுவிட்டது. போர்வைக்காரியின் விரல்களும் துணியில் அப்படியே நின்றன. அந்தப் பையனைத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். குள்ளம். வயசுக்கு ஏற்ற வளர்த்தி இல்லை என்று அந்தம்மா பார்க்காத டாக்டர் இல்லை. பேக்கரியில் எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் ஏறி நின்றுதான் ரொட்டி எடுத்துக் கொடுப்பான். லாரிக்காரம்மா வீட்டில் வந்து நிற்கிறவன் யாரோ, அவன் இந்தப் பையன் இல்லை. அந்த அறையில் அது தெரியாதவள் லாரிக்காரம்மா ஒருத்திதான். யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிடுவார்களோ என்று காஜாக்காரி பயந்தாள். கண்டக்டர் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பேக்கரிக்காரம்மா துணியை முகத்திலிருந்து எடுத்தாள். லாரிக்காரம்மாவின் முகத்தை அப்போதுதான் முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"வளந்துட்டான்" என்றாள்.

போர்வைக்காரி துணியை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடித்தாள். காஜாக்காரி அடுத்த நூலை அறுத்தாள்.